காயலான் கடைக்கு எந்த இடம்? வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ராஜா, ராணி, போர் எதுவும் இதில் வராது. பழைய இரும்பு, செங்கல், நிலக்கரி, எண்ணெய்த் தொட்டி இவைதான் இன்றைய கதாபாத்திரங்கள். இதுவும் வரலாறுதான். பரீட்சைக்கு வராத வரலாறு.

உங்களில் சிலர் சொந்தமாகத் தொழில் செய்கிறீர்கள். லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, பேக்கிங் யூனிட். ஷெட்டுக்குள் இடம் போதாமல் குழாயையும் தகட்டையும் வெளியே அடுக்கி வைத்திருக்கிறீர்கள். வேறு சிலர் கடன் வாங்கி மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் பக்கத்துக் காலி இடத்தில் லாரி லாரியாக ஏதோ வந்து இறங்குகிறது. இரண்டு தரப்பும் என்னிடம் புலம்பியதுண்டு. ஒருவர், "என் இடத்தில் என் சரக்கை வைக்க யார் சார் கேட்பது?" என்கிறார். இன்னொருவர், "அவர் இடம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் கொட்டலாமா சார்?" என்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடத்தான் நகரங்கள் நூற்று நாற்பது வருடங்களாகப் பாடுபடுகின்றன. அந்தக் கோடு எப்படி வந்தது, யார் பக்கம் சாய்ந்தது என்று பார்ப்போம்.

முதலில் சலவைக்காரர்கள்

கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1885இல் மொடெஸ்டோ என்ற சிற்றூர் ஒரு விதி போட்டது. சலவைக் கடைகள் ரயில் பாதைக்கு மேற்கே, ஒரு குறிப்பிட்ட தெருவுக்குத் தெற்கே மட்டும்தான் இருக்கலாம். படிக்கும்போது சுகாதார விதி மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சலவைக் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அந்த மேற்குப் பக்கம்தான் ஏற்கெனவே அவர்கள் ஒதுக்கப்பட்டிருந்த பகுதி. கடையைச் சொல்லி ஆளை ஒதுக்கினார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு வழி. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும் என்று 1880இல் விதி வந்தது. நெருப்புப் பயம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே இருந்த சுமார் 320 கடைகளில் 310 மரக் கட்டடங்கள். சுமார் 200 சீனர்கள் அனுமதி கேட்டார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் 80 பேருக்கு மேல் கேட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 22 வருடங்களாக அங்கே கடை நடத்தியவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1886இல் தீர்ப்பு வந்தது. எழுத்தில் பொதுவாக இருக்கும் சட்டத்தையும் பாரபட்சமாக நடைமுறைப்படுத்தினால் அது செல்லாது என்றது நீதிமன்றம். 'யிக் வோ வழக்கு' என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தப் பொருள் எங்கே இருக்கலாம் என்ற விதியைப் படிக்கும்போது, அந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தவனுக்கு உரிமை இல்லையா?

அடுத்தது ஒரு செங்கல் சூளை. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஹடாசெக் என்பவர் 1902இல் 8 ஏக்கர் நிலம் வாங்கினார். அருமையான களிமண். வாங்கியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. தோண்டினார், சுட்டார், அடுக்கினார், விற்றார். நகரம் வளர்ந்து அவர் வாசலுக்கே வந்துவிட்டது. வீடுகள் வந்தன. புகையும் தூசும் தாங்கவில்லை என்று புகார்கள் வந்தன. அந்தப் பகுதியில் சூளையே கூடாது என்று நகரம் விதி போட்டது.

அவர் சொன்ன கணக்கு இதுதான்: சூளைக்கு என்றால் நிலத்தின் மதிப்பு 8 லட்சம் டாலர், வேறு எதற்கும் என்றால் 60 ஆயிரம் டாலர். மேலும், "நான்தான் முதலில் வந்தேன், வீடுகள் பிறகுதான் வந்தன." எவ்வளவு பலமான வாதம் பாருங்கள். ஆனாலும் 1915இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம்தான் நின்றது. ஊர் வளர வேண்டுமென்றால் தனிநபர் நலன் வழிவிட வேண்டும் என்பது அதன் நிலை.

உங்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த வழக்கை மனதில் வையுங்கள். 'நாங்கள் முப்பது வருடமாக இங்கே இருக்கிறோம்' என்பது முழுக் கவசம் அல்ல. பின்னாளில் பல நகரங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டின. ஏற்கெனவே இருப்பது தொடரலாம், விரிவாக்கக் கூடாது, இடையில் நிறுத்திவிட்டால் மீண்டும் தொடங்க முடியாது என்று நடுவழி கண்டுபிடித்தன.

யூக்ளிட் என்ற ஊர்

கணக்குப் பாடத்தில் யூக்ளிட்டைப் படித்திருப்பீர்கள். அவர் பெயரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை ஒட்டி ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியை அளந்த நில அளவையாளர்கள் தங்கள் தொழிலுக்கு மூலவரான கணித மேதையின் பெயரை வைத்தார்கள். நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் முறைக்கே பிறகு 'யூக்ளிடிய மண்டல முறை' என்று பெயர் வந்தது. அதற்குக் காரணம் கணித மேதை அல்ல, இந்த ஊர் நடத்திய வழக்கு.

1916இல் நியூயார்க் நகரம் முழுவதற்கும் மண்டல விதி வந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. யூக்ளிட் 1922 நவம்பரில் தன் விதியைப் போட்டது. அப்போது அது ஒரு சிறிய ஊர்தான். நிலப் பயன்பாட்டை யு-1 முதல் யு-6 வரை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். யு-1 தனி வீடுகள். யு-2 இரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகள். யு-3 அடுக்குமாடிகள். யு-4 கடைகள், அலுவலகங்கள். யு-5இல் கிடங்குகள், ஐஸ் தொழிற்சாலை, பால் நிரப்பும் நிலையம், சலவைக்கூடம், வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. நாம் இன்று இலகுரகத் தொழில் என்று சொல்வது ஏறக்குறைய இதுதான்.

யு-6இல் என்ன இருந்தது தெரியுமா? கழிவுநீர் நிலையம், குப்பை எரிக்கும் இடம், பழைய இரும்பு, காயலான் சரக்கு, பழைய காகிதம், கந்தல் துணி இவற்றைச் சேர்த்து வைக்கும் இடங்கள், எண்ணெய்க் கிடங்கு, சிறைச்சாலை, கல்லறை. ஒரே பட்டியலில்! கூரைக்குக் கீழே இருக்கும் கிடங்கு யு-5. காயலான் சரக்கு யு-6. பெட்டிக்குள் அடுக்கி வைத்த பொருளுக்கும் குவித்துப் போட்ட பொருளுக்கும் சட்டம் வைத்த வித்தியாசம் நூறு வருடங்களுக்கு முன்பே அங்கே இருக்கிறது.

ஆம்ப்ளர் ரியால்டி என்ற நிறுவனத்துக்கு அங்கே 68 ஏக்கர் இருந்தது. ஒரு பக்கம் பெரிய சாலை, மறுபக்கம் ரயில் பாதை. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர், வீட்டுமனை என்றால் 2,500 டாலர்தான் என்பது அவர்கள் வாதம். புதிய விதி அந்த நிலத்தின் சாலையோரப் பகுதியை யு-2, யு-3 என்று வீடுகளுக்கு ஒதுக்கிவிட்டது. மீதிதான் யு-6. வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் நியூட்டன் பேக்கர். கிளீவ்லாந்தின் முன்னாள் மேயர், முதல் உலகப் போரின்போது அமெரிக்காவின் போர்த்துறைச் செயலர். சாதாரண ஆள் இல்லை.

1924இல் கீழ் நீதிமன்றத்தில் நிறுவனம் ஜெயித்தது. அந்த நீதிபதி வெஸ்டன்ஹேவர் ஒரு விஷயத்தை வெளிப்படையாக எழுதினார்: கடைசியில் பார்த்தால் இந்த விதி மக்களை வருமானப்படி வகைபிரித்து ஒதுக்கத்தான் பயன்படும். 1926 நவம்பர் 22இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆறு நீதிபதிகள் ஊரின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பு. நீதிபதி சதர்லேண்ட் சொன்ன உவமை பிரபலமானது. பன்றி தொழுவத்தில் இருந்தால் தொல்லை இல்லை, கூடத்தில் வந்து நின்றால்தான் தொல்லை என்ற பொருளில் எழுதினார். பொருளில் தப்பு இல்லை, இடத்தில்தான் தப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் ஒட்டுண்ணி என்று சொன்னது. வாடகைக்கு இருப்பவர்கள் என்ன பன்றிகளா? வெஸ்டன்ஹேவரின் எச்சரிக்கையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 68 ஏக்கரில் கடைசியில் வீடுகள் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைதான் வந்தது.

கூரைக்குக் கீழே என்றால் இலகு

'இலகுரகத் தொழில்' என்றால் என்ன? சின்ன தொழில் என்று அர்த்தம் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் நடக்கக்கூடிய தொழில். சத்தம், புகை, நாற்றம், அதிர்வு எல்லாம் சுவருக்குள் அடங்க வேண்டும். 1951இல் டென்னிஸ் ஓஹாரோ என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநர் இதை வேறு மாதிரி சொன்னார். தொழிலின் பெயரைப் பார்த்து அனுமதிக்காதே. அது எவ்வளவு சத்தம் போடுகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று அளந்து பார்த்து அனுமதி கொடு. நியூயார்க் 1961இல் தன் விதிகளை மாற்றி எழுதியபோது தொழில் மண்டலங்களை இந்த அடிப்படையில்தான் மூன்றாகப் பிரித்தது.

இப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஷெட்டுக்குள் நடக்கும் வேலை எவ்வளவு அமைதியாக இருந்தாலும், முற்றத்தில் சரக்கைக் குவித்த நிமிடமே அந்த இடம் 'இலகு' என்ற தகுதியை இழக்கத் தொடங்குகிறது. காற்று அடித்தால் தூசு, மழை பெய்தால் துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர், தேங்கினால் கொசு, எரிந்தால் ஊரே பார்க்க வேண்டும். அதனால்தான் பல ஊர்களின் விதிகள் இலகுரகத் தொழில் நிலத்தில் திறந்தவெளிச் சேமிப்பை முழுக்கத் தடுக்காமல், நிபந்தனை போட்டு விடுகின்றன. சரக்கு கட்டடத்துக்கு முன்னால் கூடாது, பின்னாலோ பக்கத்திலோ இருக்கலாம். உள்ளே தெரியாதபடி வேலி வேண்டும். குவியல் வேலியைவிட உயரக் கூடாது. வீடுகளின் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும். தரை கெட்டியாக இருக்க வேண்டும், வடிகால் வேண்டும். ஊருக்கு ஊர் அளவு மாறும், அடிப்படை இதுதான்.

மறைத்தால் போதுமா?

1960களில் அமெரிக்காவில் கார்கள் பெருகின. கூடவே செத்த கார்களும் பெருகின. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் துருப்பிடித்த வண்டிகள். அதிபர் ஜான்சனின் மனைவி, 'லேடி பேர்ட்' என்று அழைக்கப்பட்டவர், சாலைகள் அழகாக இருக்க வேண்டும் என்று முனைந்து நின்றார். 1965 அக்டோபர் 22இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் கையெழுத்தானது. முக்கிய நெடுஞ்சாலையிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் காயலான் யார்டுகளை மரம், செடி, வேலி வைத்து மறைக்க வேண்டும் அல்லது அகற்ற வேண்டும். செய்யாத மாநிலத்துக்கு மத்திய அரசின் சாலை நிதியில் 10 சதவீதம் வெட்டு. தொழில் மண்டலத்தில் இருக்கும் யார்டுகளுக்கு மட்டும் விலக்கு.

நல்ல சட்டம்தான். ஆனால் அது யாருடைய கண்ணை நினைத்துப் போடப்பட்டது? காரில் போகிறவரின் கண்ணை. அவர் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுவார். யார்டுக்குப் பின்பக்கம் குடியிருப்பவர் இருபது வருடம் அங்கேயே இருப்பார். வேலி பார்வையை மறைக்கும். தூசை, நாற்றத்தை, நிலத்தடி நீரில் இறங்கும் எண்ணெயை அது மறைக்காது.

அதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் சாட்சி. 1928இல் அந்த நகரத்துக்கு ஒரு திட்டம் போட்டார்கள். கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளைக் கிழக்குப் பகுதியில் மட்டும் வைத்தால் அவர்கள் தாமாகவே அங்கே போய்விடுவார்கள் என்பது அந்தத் திட்டத்தின் வெளிப்படையான யோசனை. பிறகு வந்த மண்டல வரைபடங்களில் தொழில் நிலமும் அதே கிழக்குப் பக்கத்தில்தான் குவிந்தது. மெக்சிகோ வம்சாவளி மக்களும் அங்கேதான் வாழ்ந்தார்கள். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்திலேயே 52 ஏக்கரில் பெட்ரோல் தொட்டிகள் நின்றன. சட்டப்படி எல்லாம் சரி. மண்டலம் சரி, அனுமதி சரி. நிலத்தடி நீரில்தான் பென்சீன் கலந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் 'போடேர்' என்ற அமைப்பில் அங்குள்ள மக்கள் ஒன்றுசேர்ந்து வீடு வீடாகப் போனார்கள், அதிகாரிகளைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிவந்து காட்டினார்கள். எண்ணெய் நிறுவனங்கள் தொட்டிகளை அகற்ற ஒப்புக்கொண்டன.

நம் பக்கம்

நம் ஊரில் இதெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். பம்பாயில் நகரமைப்புச் சட்டம் 1915இல் வந்தது. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920. யூக்ளிட் தீர்ப்புக்கு ஆறு வருடம் முன்பு! 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்று தொழில் செய்பவர்கள் சொல்வீர்களே, அது ஆபத்தான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம் என்ற பழைய நகராட்சிச் சட்டத்தின் வாரிசு. இப்போது நடப்பில் இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைக்கு 2008இல் இரண்டாவது முழுமைத் திட்டம் வந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரமான தொழில் என்று நம் நிலத்திலும் கோடுகள் உண்டு.

கோடு இருந்தும் என்ன ஆனது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிக்கப்பட்டிருந்தன. அந்தத் தூசு துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் படிந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், அக்டோபர் முதல் இந்தத் தூசுச் சரக்கை எண்ணூருக்கு மாற்ற உத்தரவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய மக்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் எண்ணூரிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்? அனல் மின் நிலையச் சாம்பலோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்களின் பக்கம் நிலக்கரியும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, மணலி. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் அங்கே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடந்தது. ஐந்து வருடம் பெரும்பாலானோருக்குத் தெரியாது. 2020 ஆகஸ்ட் 4இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மணலிச் சரக்கின் மீது எல்லோர் கண்ணும் பட்டது. அதே மாதத்தில் ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பெய்ரூட்டில் வெடிக்காமல் இருந்திருந்தால்?

இந்த நூற்று நாற்பது வருடக் கதையில் விதி போட்டவர்கள் முதலில் 'எங்கே வைக்கலாம்' என்று கேட்டார்கள். பிறகு 'எப்படி மறைக்கலாம்' என்று கேட்டார்கள். 'அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்' என்று அவர்கள் தாமாகக் கேட்டது குறைவு. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டபோதுதான் அதற்குப் பதில் வந்தது.

அதனால் உங்களுக்கு இரண்டு வார்த்தை. மனை வாங்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த சர்வே எண் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பக்கத்து சர்வே எண்ணையும் பாருங்கள். இன்று காலியாகக் கிடக்கும் இடத்தில் நாளை என்ன வரலாம் என்பதை அந்த வகைப்பாடு சொல்லிவிடும். திட்ட வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது அதைப் படித்து எழுதிக் கொடுங்கள். கட்டி முடித்த பிறகு புலம்புவதைவிட அது சுலபம்.

தொழில் செய்கிறவர்கள், உங்கள் சரக்கை வெளியே வைப்பதற்கு முன் பின்பக்கச் சுவர் ஏறி ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே கொடியில் துணி காய்கிறதா, குழந்தை விளையாடுகிறதா, கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தார்ப்பாயும், ஒரு சிமென்ட் தளமும், ஒழுங்கான வடிகாலும் வக்கீல் செலவைவிட மலிவு. காயலான் கடைக்காரரையும் தாழ்வாக நினைக்காதீர்கள். நாம் தூக்கி எறிவதை மறுபடி உலோகமாக்கித் தருகிறவர் அவர். அவருக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எப்போதும் ஏழைகளின் வாசலாகவே இருக்க வேண்டும் என்று எந்த வடிவியலும் சொல்லவில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நகரமைப்புத் துறையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மௌனமாகப் படித்துவிட்டுப் போகாமல் மற்றவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்கள். கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரலாம். தடை இல்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்